கிணற்றில் வந்த மஞ்சள்

சங்கரன்கோவில்
12-10-1952, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு, பகவதி வணங்கி எழுதுவது.

மாமா, அத்தை, குழந்தை எல்லோரும் சுகம். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கர்நூல் பாறை ஆய்வு முகாமில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாத மழையில் நம் மேலப்புஞ்சையில் தரை உள்வாங்கி ஓர் ஓட்டை விழுந்தது. குடம் நுழையும் அளவு. அத்தை பார்த்துவிட்டு நாகர் புற்று என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் அதை யார் மறுப்பார்கள்? வெள்ளிதோறும் பெண்கள் வந்து பாலும் மஞ்சள் நீரும் ஊற்றுகிறார்கள். நானும் இரண்டு வாரம் ஊற்றினேன்.

நேற்றுக் காலை நம் வீட்டுக் கிணற்றில் வாளியை இழுத்தால் தண்ணீர் மஞ்சளாக வந்தது. முந்தின நாள்தான் புற்றில் நாற்பது குடம் மஞ்சள் நீர் ஊற்றியிருந்தார்கள். "ஏட்டி, அம்பாளே நம்ம கெணத்துக்கு வந்துட்டா" என்று அத்தை அழுதார்கள். தெருவே செம்போடு வந்து வாங்கிப் போயிற்று. அங்கே ஊற்றியது இங்கே வருகிறது என்றால் அடியில் மண் குடைந்து கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. புஞ்சைக்கும் கிணற்றுக்கும் நடுவில்தானே நம் வீடு இருக்கிறது?

நீங்கள்தானே எழுதினீர்கள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் புளிப்பேறிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும், வெடிப்பு குகையாகும், கூரை விழுந்து பள்ளமாகும், பள்ளங்கள் ஒன்றோடொன்று கூடிக் கடைசியில் மலையே சமவெளியாகிவிடும் என்று. உங்கள் கூடாரம் நிற்கும் வெளியும் அப்படி ஆனதுதான் என்றீர்கள். நம் புஞ்சையிலும் அதே கல் என்று கல்யாணமான புதிதில் காட்டினீர்கள். லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று படித்து நிம்மதியாக இருந்தேன். கூரை விழ மட்டும் ஒரு நிமிஷம் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். இப்போது அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "எம் மவன் படிச்ச படிப்புல நீ சாமியவே கல்லுன்னு சொல்லுதியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஐப்பசி முதல் வெள்ளி அங்கே பொங்கல். ஓட்டையைச் சுற்றி அடுப்பு வைத்து, பிள்ளைகளை அதன் ஓரத்தில் உட்காரவைத்துப் புற்றுமண் பூசப் போகிறார்கள். நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிடுவேன். அம்பாள் மன்னிப்பாள். தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வேன்?

இது புதனுக்குள் கிடைக்கும். உடனே மாமா பெயருக்குத் தந்தி கொடுங்கள். நீங்கள் சொன்னால் நிறுத்துவார். லீவு கிடைத்தால் நீங்களே வந்துவிடுங்கள்.

வரும்போது புஞ்சை வழியாகக் குறுக்கே நடக்க வேண்டாம். ரோட்டைச் சுற்றியே வாருங்கள், அத்தான்.

உங்கள்
பகவதி