ஜுன்கிரி படித்த கடிதம்

ஜுன்கிரியின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று நம் ஊரிலிருந்து கத்தார் திரும்பிய தில்பகதூர், "என்னண்ணே, தசைன் பண்டிகைக்கு ஊருக்கு வர்றீங்களாமே! அண்ணி ஆடு வாங்கிக் கட்டிட்டாங்க. உங்க பொண்ணுதான் லெட்டர படிச்சுச் சொல்லிச்சாம்" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

போன கடிதத்தில் லீவு கிடையாது, வர முடியாது என்றுதான் எழுதியிருந்தேன். மூன்றாம் வகுப்பு வந்தும் ஜுன்கிரிக்குப் படிக்க வரவில்லை. அடிக்காதே. உனக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன, தினமும் பக்கத்தில் உட்கார். ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்துப் படிக்கச் சொல். விரல் நகராமல் வாய் மட்டும் ஓடினால் நிறுத்து.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் காய்ந்த கீரை கொடுத்தனுப்பு. அவள் தன் பெயரை எழுதிய தாளும் வேண்டும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். இதையும் உனக்கு அவள்தானே படித்துச் சொல்ல வேண்டும்.

ஹர்கவீர்