பிறந்தநாள் சூப்பும் மூன்று இடங்களும்

டிசம்பர் 27

தேர்வுத் தேதி வந்துவிட்டது. ஜனவரி 11. என் பிறந்தநாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்மேல் எவ்வளவு பாசம்!

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டில் நேரடியாகச் சேர மூன்றே இடங்கள். ஊர்க் கல்லூரியிலிருந்து தலைநகர் சியோலுக்குத் தாவப் பார்க்கும் தவளைகள் நூற்றுக்கணக்கில். போன வருடமும் தாவினேன், விழுந்தேன். இந்தத் தடவையும் விழுந்தால் விடுப்பு முடிந்து மார்ச்சில் பழைய வகுப்புக்கே திரும்ப வேண்டும். "நான் சியோலுக்குப் போறேன்" என்று அங்கே யாரிடமும் நான் பீற்றாமல் விட்டதில்லை.

அம்மாவின் கவலை வேறு. பிறந்தநாளன்று கடல்பாசி சூப் குடிக்காமல் எப்படி? தேர்வன்று குடித்தால் எப்படி? பாசி வழுக்குமாம். படித்ததெல்லாம் கூடவே வழுக்கிக்கொண்டு போய்விடுமாம்.

ஜனவரி 3

தீர்ப்பு: சூப் கிடையாது.

"பொறந்தநாள் வருஷா வருஷம் வரும்டி."

"வழுக்குறதுக்கும் மார்க்குக்கும் என்னம்மா சம்பந்தம்? உராய்வுன்னா என்னன்னு உனக்குச் சொல்லித் தரவா?"

"போன வருஷமும் இப்படித்தான் வாய் கிழியப் பேசுன, க்யூ-ரி."



ஜனவரி 11

காலையில் ஒட்டரிசிக் கொழுக்கட்டை, சவ்வு மிட்டாய். படித்ததெல்லாம் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். என் பல்லில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

தேர்வு மையத்துக்கு எதிர்க்கடையில் கப் சூப் இருந்தது. கடல்பாசி. வெந்நீர் ஊற்றிக் குடித்தேன். பசியில்லை, வீம்பு. என்னோடு பயிற்சி மையத்தில் படித்த போ-கியோங் பார்த்துவிட்டாள். அவள் எழுதுவது கட்டுமானத் துறைக்கு.

"பைத்தியமாடி உனக்கு? தள்ளி நில்லு, என்மேல தெறிச்சிடப் போகுது!"

கணக்குத் தாள் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் போனது. ஆங்கிலம்... அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஜனவரி 30

போ-கியோங் தேறிவிட்டாள். நான் தேறவுமில்லை, தோற்கவுமில்லை. காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள்!

தேறிய மூவரில் ஒருவருக்காவது இதைவிட நல்ல இடம் கிடைத்து அவர் பிப்ரவரி 13-க்குள் விலக வேண்டும். ராத்திரி பகலாக அவர்களுடைய நல்வாழ்வுக்காக வேண்டுகிறேன். முகம் தெரியாதவர்கள்மேல் இவ்வளவு பரந்த மனம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

பிப்ரவரி 4

எங்கள் அம்மாவின் பதார்த்தக் கடைக்குக் கூட்டு வாங்கப் போன போ-கியோங், கப் சூப் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் வாய் நல்லா இருக்கட்டும்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடையில் பாசிக் கூட்டு வைக்கும் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் கேட்டால், "கடைசி நாள் முடியட்டும்."

பிப்ரவரி 9

தெரியாத எண் எதிலிருந்து அழைப்பு வந்தாலும் பல்கலைக்கழகம்தான் என்று பாய்ந்து எடுக்கிறேன். இன்று இன்சூரன்ஸ்காரர். "மேடம், நீங்கதான் இவ்வளவு சந்தோஷமா பேசின மொத ஆளு."

மதியம் கிம்பாப் சோற்றுருளையில் சுற்றியிருந்த பாசித்தாளை உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். உராய்வு பற்றி ஊருக்கே பாடம் எடுக்கும் நான். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13

கடைசி நாள். ஆறு மணியோடு கதவு மூடும்.

ஐந்து மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. யார் கூப்பிடப்போறா? போச்சு. எல்லாம் போச்சு. ஒரு கப் சூப்பைக் குடிக்காம இருந்திருக்கக் கூடாதா நான் — சீ, என்ன பேச்சு இது. ஆங்கிலம் ஒழுங்கா படிச்சிருக்கணும்.

அம்மா மேசையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். கடல்பாசி சூப். மாட்டிறைச்சி போட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேம்மா."

"காலையிலேயே பாசிய ஊறப் போட்டுட்டேன்."

"தோத்துட்டேன்னு காலையிலேயே முடிவு பண்ணிட்டியா?"

"ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? நீ பொறந்தது பொறந்ததுதானே. ஒரு மாசமா உனக்குச் சூப் குடுக்காம என்னால தூங்க முடியல. குடிடி."

அழுதுகொண்டே குடித்தேன். மூக்கும் ஒழுகியது, அழகான காட்சி. வாய் நிறையப் பாசியோடு இருந்தபோது தொலைபேசி அடித்தது. இன்சூரன்ஸ்காரர்தான் என்று நினைத்தேன்.

"ஒரு இடம் காலியாகியிருக்குங்க. சேர விருப்பமா?"

"ம்ம்ம்!"

"சரியா கேக்கலையே?"

விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"விருப்பம்! விருப்பங்க!"

அம்மா திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழுவினாள்.

மார்ச் 19

"நீங்க எந்த வருஷத்துல சேர்ந்த பேட்ச்?" துறையின் பெயர் பொறித்த ஜாக்கெட் போட்ட யாரைப் பார்த்தாலும் இதே கேள்வி. "இந்த மாசம்" என்றால் ஒரு அரைச் சிரிப்பு. பழகிவிட்டது. பழகவில்லை.

இன்று வெப்பவியலில் முதல் தேர்வு. மதிய உணவுக்கு விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் கடல்பாசி சூப். நாட்டின் ஆகப்பெரிய பொறியியல் மூளைகள் வரிசையாகத் தட்டை நீட்டின. சூப் வந்ததும் வரிசையாகக் கையால் மறித்தன.

நான் இரண்டு கிண்ணம் வாங்கினேன். பக்கத்திலிருந்த ஜாக்கெட் பதறியது. "ஐயோ, இன்னைக்கு டெஸ்ட் இருக்கே?"

"தெரியும்" என்றேன்.

படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"உப்பு சரியா இருக்கா?"

இல்லைம்மா. கம்மி.