சீப்புச் சின்னம்

பிப்ரவரி 4, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. நகராட்சித் தேர்தலுக்கு மனுத்தாக்கல் இன்றோடு கடைசி.

எடுத்துப் போனவை: வாக்காளர் அட்டை, உறுதிமொழிப் பத்திரம், போட்டோ மூன்று, நீலப் பேனா இரண்டு. முன்மொழிய எதிர்வீட்டு மாரியம்மா அக்கா வந்தார். எனக்காகத் தறிக்கு அரை நாள் லீவு.

தொழில் என்ற இடத்தில் 'மாணவி' என்று எழுதினேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வயது இருபத்திரண்டு, எம்.காம். இரண்டாம் வருஷம் என்றேன். பரீட்சை எப்போது என்று மட்டும் கேட்டார்.

ஏன் நிற்கிறேன் என்று கூடப் படிக்கும் செல்வி நேற்றும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். தெருவில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் உள்தேர்வு அன்று வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். குழாயடியில் நின்றேன், தேர்வு போனது. தண்ணீர் அதிகம் கேட்கவில்லை. வருகிற நாளை முதல் நாளே சொன்னால் போதும். வார்டு இந்த முறை பெண்களுக்கு. நின்றுவிட்டேன்.

வெளியே வரும்போது வாசலில் கார். கட்சி வேட்பாளர் இறங்கினார். ஜெயலட்சுமி அம்மா. அப்பா வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் மண்டி முதலாளியின் மனைவி. கட்சி நிறுத்துவது இவரைத்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கூடவே இறங்கிய முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். தலையை லேசாக ஆட்டினார்.

பிப்ரவரி 6, ஞாயிறு

துணி துவைத்தேன். புராஜெக்ட் இரண்டாம் அத்தியாயம் தொடவே இல்லை. நேற்றுப் பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், தட்டைப் பார்த்தபடி. முதலாளி காலையில் கூப்பிட்டாராம். அதட்டவில்லை. பிள்ளை படிக்கட்டும், நாளைக்கு மூணு மணி வரை வாபஸ் வாங்கலாம் என்றாராம். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அப்பா அங்கே எடை போடுபவர். பத்தொன்பது வருஷம். அவர் தராசில் நின்றால் வத்தல் விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகள் முள்ளைப் பார்க்கமாட்டார்கள்.

"வாபஸ் வாங்கிரவாப்பா?"

"நான் வாங்கச் சொல்லலத்தா. அவுக சொன்னதச் சொன்னேன்."

அம்மா ரசம் இன்னொரு கரண்டி ஊற்றினாள், அவர் கேட்காமலேயே.

பிப்ரவரி 7, திங்கள்

வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. வாபஸ் படிவம் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், வார்டு, கையெழுத்து. நிரப்ப அதிக நேரமாகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசித்தது.

கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மண்டி நம்பருக்குப் போட்டேன். கணக்கர் எடுத்தார். "ஒங்கப்பா காலையிலயே சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரே. வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டாரு. வீட்ல சொல்லலையா?"

மணி இரண்டு பத்து. மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வேலைக்காக நான் விலக வந்தேன். நான் விலகக் கூடாது என்று அவர் வேலையை விட்டிருக்கிறார். இனி யாருக்காக இந்தத் தாள்? மடித்து நோட்டுக்குள் வைத்தேன். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அப்பா பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தார். அங்கே ஒரு குடோனில் லோடு இறக்குகிற வேலை, நாளையிலிருந்து. ஐம்பத்தோரு வயதில் மூட்டை. நான் படிவம் நிரப்பியதைச் சொன்னேன்.

"அவுகளும் பொல்லாதவுக இல்ல. தெனம் மொகத்தப் பாக்கணும்ல, அவுகளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதான் நானே நின்னுக்கிட்டேன்."

ஒன்று மட்டும் சொல்லிவிட்டார். பிரசாரத்துக்குத் தன்னைக் கூப்பிடக் கூடாது. உப்பைத் தின்ற வீட்டுக்கு எதிராக ஓட்டுக் கேட்கத் தன்னால் ஆகாது.

பிப்ரவரி 8, செவ்வாய்

சின்னம் நேற்றே ஒதுக்கிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டிருந்தேன். இன்னொரு சுயேச்சையும் கேட்டதால் சீட்டுக் குலுக்கல். அவருக்குக் குழாய், எனக்குச் சீப்பு.

செல்வி இரண்டு நிமிஷம் சிரித்தாள். நரிக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இங்கே அவளுக்கு ஓட்டே இல்லை, ஆனால் நோட்டீஸ் எழுதுவது அவள்தான். 'சிக்கல் தீரச் சீப்பு' என்று எழுதினாள். அடித்துவிட்டேன். மறுபடி எழுதினாள். சரி, இருக்கட்டும்.

டீக்கடையில் காதில் விழுந்தது: "வழுக்கத் தலைக்காரன் ஓட்டெல்லாம் போச்சு."

பிப்ரவரி 12, சனி

வெயில். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தினேன். மூன்று தெரு முடிந்தது. வடக்குத் தெருவில் எல்லோரும் பேத்தி மாதிரி இருக்கிறாய் என்கிறார்கள். ஓட்டுப் போடுகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதே தெருவில் கட்சி ஊர்வலமும் வந்தது. கொட்டு, மாலை, ஆரத்தி. பெண்கள் ஜெயலட்சுமி அம்மாவிடம் வாறுகாலில் சாக்கடை தேங்குவது பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னது முதலாளி. தெருவிளக்கு பற்றிக் கேட்டார்கள். அதற்கும் அவரே. அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

நான் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய வீட்டுக்குள்ளேயே அந்த அம்மாவும் வந்தார். முகம் கழுவ. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில். அவர்தான் முதலில் பேசினார்.

"பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு நான். எங்க வீட்டு ஆளுகளுக்கே இது ஞாபகம் இருக்குமான்னு தெரியல."

அப்புறம் மெதுவாக, கவுன்சிலருக்கு உண்மையில் என்ன வேலை என்று கேட்டார். கிண்டல் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் தீர்மானத் தாள் வரும், கையெழுத்துக்கு முன் படிக்கலாம், எழுந்து கேள்வி கேட்கலாம் என்றேன். தண்ணீர் வரும் நாளை முதல் நாளே சொல்ல வேண்டும் என்ற என் யோசனையையும் சொல்லிவிட்டேன். கவனமாகக் கேட்டார். வெளியே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போகும்போது, "அப்பா எப்பிடி இருக்காக?" என்றார். மூட்டை தூக்குகிறார் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

எதிராளிக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செல்வி திட்டினாள். சரிதான்.

பிப்ரவரி 16, புதன்

ஒரு மணி நேரம் வகுப்பு. எச்.ஓ.டி. மேடம் புராஜெக்டுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தார்.

அப்பா தோளில் தோல் உரிந்திருக்கிறது. அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். இரண்டு பேரும் என் எதிரில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பாக்கி: தெற்குத் தெரு, காலனி, அரிசி மில் பக்கம். நோட்டீஸ் தீர்ந்துவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர்.

பிப்ரவரி 19, சனி

வாக்குப்பதிவு.

என் ஏஜெண்டாக அம்மா. எதற்கடி இந்த வேலை என்று ஒரு மாதமாகக் கேட்டவள் ஆறரைக்கே பூத்தில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல சேலை, மடியில் வாக்காளர் பட்டியல், எலுமிச்சை சாதம். கட்சி ஏஜெண்டுக்கும் ஊறுகாய் கொடுத்தாளாம்.

எந்திரத்தில் என் பெயர் நாலாவது. பக்கத்தில் சீப்பு. பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்ததும் எதை அழுத்தினேன் என்றே சந்தேகம்.

அப்பா மத்தியானம் வந்து ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

தோற்றேன். மூன்றாம் இடம். 187 ஓட்டு. ஜெயலட்சுமி அம்மா வெகு தூரம் முன்னால்.

நான் நினைத்தது நூற்றுக்குள். செல்வி என் கையை விடவே இல்லை.

சான்றிதழ் வாங்க முதலாளி முன்னே போனார். வேட்பாளர் வரட்டும் என்றார் அதிகாரி. அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே நின்று முழுவதும் படித்தார். போட்டோக்காரர்கள் காத்திருந்தார்கள்.

வீட்டில் அம்மா பருப்புத் துவையல் அரைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

பிப்ரவரி 23, புதன்

மேகமூட்டம், மழை இல்லை.

ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பினேன். வாசலில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். குடோனுக்கு லீவாம். நான் கூப்பிடவில்லை.

தெருத் தெருவாக நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும், "நம்ம மகதான். நூத்தி எம்பத்தேழு வாங்கியிருக்கு" என்றார். ஜெயித்தது போலவே சொன்னார். மில் பக்கத்தில் ஒரு பெண் முகத்துக்கு நேராக, "நான் ஒனக்குப் போடல தாயி. ஆனா உள்ள வா, உக்காரு" என்றார். உட்கார்ந்தோம். மோர் கொடுத்தார்.

கடைசியாகச் சந்தை ரோடு. மண்டி தெரிந்ததும் நான் திரும்பிவிடப் பார்த்தேன். வத்தல் நெடி. அப்பா நிற்கவில்லை.

"அவுகளும் நம்ம வார்டுதான்."

படியில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முதலில் ஏறினார். நான் பின்னால். தராசில் வேறு யாரோ. முதலாளி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வா சுப்பையா. வாத்தா" என்றார். நாற்காலிகளைக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா நன்றி சொன்னார், கும்பிட்டார், கிளம்பினோம்.

பாதி வழி வந்த பிறகு அப்பா சொன்னார், பத்தொன்பது வருஷத்தில் தன்னைப் பார்த்து முதலாளி எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை என்று.