ஏழே முக்காலுக்குத்தான் பறப்பேன்

அப்பா,

நேற்றைய சண்டையில் நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. இன்று விடியும் முன்பே மடை பார்க்கப் போய்விட்டீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் இன்றுதான் முதல் தடவையாக விமானம் ஓட்டப் போகிறேன். நீங்கள் என்னைக் கேட்காமல் அவருக்குப் போன் போட்டு, "சார், திங்கக்கிழமை ஏழரைலேர்ந்து ஒம்பது ராகுகாலம். பத்து மணிக்கு மேல பாப்பாவ ஏத்தி விடுங்க" என்றிருக்கிறீர்கள். ஃப்ளையிங் கிளப்பில் எல்லோருக்கும் இப்போது நான் பாப்பாதான்.

பத்து மணிக்கு ஆடிக்காற்று சின்ன விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும், அப்பா. குறுவைக்கு மருந்தடிக்க நீங்கள் ராகுகாலமா பார்க்கிறீர்கள்? காற்று கிளம்புவதற்குள் என்றுதானே ஓடுகிறீர்கள்? போன் என்றாலே நடுங்குகிற நானே அவரிடம் பேசி, பழையபடி ஏழே முக்காலுக்கு மாற்றிவிட்டேன்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை அதற்கு முன்னால் போடுங்கள். மோட்டார் பார்க்கப் பரிதி அண்ணன் வருவார். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

வானதி

போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். இறங்கியதும் கூப்பிடுகிறேன்.

ஐந்து மணிக்கே வாசலை விட்டு இறங்கிவிடுகிறேன். ராகுகாலத்துக்கு முன்னால் படி இறங்கிவிட்டால் தோஷமில்லை என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.