ஒரு ஜாடித் தூக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் தம்பியும் நல்ல சுகம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டிய வரியை எழுதியாயிற்று, இனி கோபத்தை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்று என் வாய் தானாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது, திட்ட நினைத்ததெல்லாம் எங்கோ பறந்துவிடுகிறது, நீயும் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், காகிதத்தில் எழுதுகிறவளை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. இன்று எனக்கு வார விடுமுறை, நிதானமாகவே திட்டப் போகிறேன். அந்த விடுமுறைக்கும் ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

போன வாரம் நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உன் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, முடிவு கொடூரமாக இருக்கிறது என்று வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் கடைசியில் ஓர் அத்தியாயம் சேர்த்து உன் கதாநாயகி அந்த ஆளுநரை மன்னிப்பதுபோல் முடித்துக் கொடுக்கச் சொல்லிப் பதிப்பாளர் கேட்கிறார், நீயும் மாதக் கடைசிக்குள் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டாய். இத்தனை பேர் சொல்றாங்கன்னா அதுல ஏதோ நியாயம் இருக்கும்லம்மா என்று என்னிடமே கேட்கிறாய். யாருடைய நியாயம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், உன் இருமலைக் கேட்டு மறந்து தொலைத்தேன். உனக்கு நினைவிருக்கிறதா, சின்ன வயதில் உன் மாமா உன் பென்சில் பெட்டியை மிதித்து உடைத்துவிட்டுச் சிரித்தார், அவர் மன்னிப்புக் கேட்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார், அப்போதும் நீ எழுந்திருக்கவில்லை, பெட்டி வேணாம், வாயால சொல்லட்டும் என்றாய். அந்தப் பிடிவாதக்காரியை எந்த ஊரில் தொலைத்தாய்?

நீ எழுதிய கதையை உனக்கே சொல்கிறேன் கேள், உனக்கு மறந்துவிட்டதுபோல் தெரிகிறது. மூடுபனிக்கு அப்பாலிருந்து பறக்கும் கப்பல்களில் வந்தவர்கள் ஒரு மலைநாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊரில் ஒருவருக்கும் தூக்கம் வராது, அதனால் மலை ஜனங்களின் தூக்கத்தை வரியாக வாங்கி, ஜாடியில் அடைத்து, மெழுகு வைத்து மூடிக் கப்பலேற்றுகிறார்கள். தூக்கம் போனவன் ராப்பகலாகச் சுரங்கத்தில் வேலை செய்வான், அதுவும் அவர்களுக்கு லாபம். ஆளுநர் ரொம்ப நல்லவர், யாரையும் அடிக்கச் சொன்னதில்லை, பள்ளிக்கூடம் திறக்கிறார், தூங்கவே முடியாத பிள்ளைகளுக்குத் தன் மொழியில் தாலாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். பிறந்த குழந்தைக்கும் வரி உண்டு என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அதே நல்லவர்தான். அந்த வரியில்தான் உன் கதாநாயகியின் தம்பி, தொட்டில் பிள்ளை, கண்ணை மூட முடியாமலேயே செத்துப்போகிறான். அவள் வளர்ந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு துறைமுகக் கிடங்கைப் பிடித்து ஜாடிகளை உடைக்கப் போகும்போது, காய்ச்சலில் தூக்கமில்லாமல் துடிக்கும் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆளுநர் ஓடிவந்து ஒரே ஒரு ஜாடி கேட்கிறார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அவரைத் தாண்டிப் போகிறாள். ஜாடிகள் உடைகின்றன, மலைநாடு முழுக்க உறங்குகிறது. அந்தப் பெண் குழந்தை பிழைத்ததா என்று நீ சொல்லவில்லை. அங்கே நிறுத்தினாய் பார், அதற்காக உன்னை மனதுக்குள் எத்தனை தடவை கட்டிப்பிடித்திருப்பேன்.

இப்போது உன் வாசகர்களிடம் வருகிறேன். இணையத்தில் வந்ததையெல்லாம் உன் அப்பா சாப்பாட்டு மேஜையில் போனைக் கை நீட்டும் தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறார். ஊர் பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பார்த்த மனிதர், இப்போது உன் புத்தகத்துக்கு வாசகர்கள் குறைத்துப் போட்ட நட்சத்திரங்களை ரிப்பேர் பார்க்க முடியவில்லையே என்று தவிக்கிறார். உன் புத்தகத்தில் தூக்கத்தைத் திருடுகிறார்கள், அவருக்கானால் உன் புத்தகத்தைத் திறந்த இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வந்துவிடுகிறது, ஆனாலும் உன்னை ஒருத்தன் குறை சொன்னால் பொறுக்காது. மாயாஜாலக் கதையில் அரசியல் எதற்கு, பறக்கும் கப்பலுக்காகத்தான் வாங்கினேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கப்பல் எதுக்கு வந்துச்சுன்னு நெனச்சான், சுத்திப் பாக்கவா என்று உன் அப்பா போனைப் பார்த்துக் கத்தினார். மலைகளின் பெயர்கள் மனதில் நிற்கவில்லை, வரைபடமும் உதவவில்லை என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார், அதில் நானும் அவர் கட்சிதான், அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சமையலறைக்குக்கூடப் போய்ச்சேர முடியாது. ஆளுநரின் குழந்தைக்காக அழுதேன் என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அழுதேன். ஆனால் கதையிலேயே முழு மனிதன் அந்த ஆளுநர் ஒருவர்தான் என்கிறவர்களையும், இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது என்று தராசு பிடிக்கிறவர்களையும் நினைத்தால் வயிறு எரிகிறது. தொட்டிலில் செத்தவன் எந்தப் பக்கம், அவன் செய்த தப்பு என்ன? எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், எழுதியவருக்கு வீட்டில் அன்பு கிடைத்திருக்காதுபோல என்று. உன் அப்பா அதை வாசிக்காமல் தாண்டப் பார்த்தார், முகத்தைப் பார்த்துப் பிடுங்கிப் படித்துவிட்டேன். அன்றைக்கு நான் பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

அவர்களை விடு, எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் உன் புத்தகம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். எலும்பு முறிவு வார்டில் யாருக்கும் உட்கார்ந்து படிக்க நேரமில்லை, உன் புத்தகமோ செங்கல் மாதிரி இருக்கிறது, யூனிபார்ம் பையில் நுழையவில்லை. அதனால் மாவுக்கட்டு வெட்டும் கத்தரியால் நான்தான் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். நீ கையெழுத்துப் போட்ட பக்கம் மட்டும் பத்திரமாக வீட்டு அலமாரியில் இருக்கிறது, பதறாதே. டூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தோடு உன் கதையும் கைமாறும். எந்தத் துண்டு முதல், எது கடைசி என்று மேலே எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை. ரேடியோ என்று ஒரு சின்ன நர்ஸ் இருக்கிறாளே, வாயை மூடவே தெரியாத பெண், நீகூடப் போன தடவை வந்தபோது அவளிடம் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டாயே, அவள் டிராயரில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது கடைசித் துண்டு.

மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். உங்க பொண்ணுக்கு மனசே கிடையாதா சிஸ்டர், ஒரு அப்பன் புள்ளையத் தூக்கிட்டு வந்து கெஞ்சறான், அந்த ராட்சசி திரும்பிக்கூடப் பாக்காமப் போறாளே, நாம எதிரிக்கும் ஊசி போடறவங்கதானே என்று வார்டே கேட்கும்படி கத்தினாள். கடைசியை முதலில் படித்திருக்கிறாய் என்று நான் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை, ரேடியோ நின்றுபோனதில் நோயாளிகளுக்குத்தான் நிம்மதி. பிறகு முதல் துண்டு அவளிடம் போயிற்று. மத்தியானம் டூட்டி ரூமில் உட்கார்ந்து படித்தவள் மணி அடித்தும் வரவில்லை, நானே போய்ப் பார்த்தேன். தொட்டில் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே ஆளா சிஸ்டர் இவன் என்று மட்டும் கேட்டாள். அதே ஆள்தான் என்றேன். அவனுக்காகவா உங்ககிட்ட பேசாம இருந்தேன் என்று எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். இப்போது சொல், கைக்கு எட்டிய துண்டைப் படித்த அவளுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் வரிசையாகக் கையில் வைத்துக்கொண்டு, கதை அந்தப் பெண் ஜாடியை உடைத்த இடத்தில்தான் தொடங்கியது என்று பேசுகிறார்களே, அவர்களுக்காகவா நீ அத்தியாயம் எழுதப் போகிறாய்?

விடுமுறைக் கதைக்கு வருகிறேன். எங்கள் நிர்வாகியை உனக்குத் தெரியும், நீ வந்தபோது உன் படிப்பைப் பற்றியெல்லாம் விசாரித்தாரே, தங்கமான மனிதர் என்று நீயே சொன்னாய். அந்தத் தங்கம்தான் நாங்கள் சற்றுத் தலை சாய்த்துக்கொண்டிருந்த ஓய்வறையை எடுத்துக் காப்பீட்டுக் கவுன்ட்டர் ஆக்கிவிட்டது. உத்தரவில் கையெழுத்துப் போட்ட கையோடு எங்கள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டித் தலையணை ஒவ்வொன்று வாங்கிக் கொடுத்தார், நாற்காலியிலேயே தூங்கலாமாம். நாங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம், நான்தான் எல்லோர் சார்பிலும் சொன்னேன். உன் புத்தகம் வந்த பிறகு அவருக்கு வார்டில் ஆளுநர் என்றுதான் பெயர். நேற்று நான் கிளம்பும் நேரத்தில் வராந்தாவில் வந்து நின்றார். வழக்கம்போல மெல்லிய குரலில், நாளைக்கு ஆள் இல்லை, நீங்க இல்லாம இந்த வார்டு நடக்குமா சிஸ்டர், லீவை இன்னொரு நாள் பாத்துக்கலாமே என்றார். என் விடுமுறைகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், ஒன்றையும் திருப்பிக் கொடுத்ததில்லை, அவர் கேட்கிற அழகில் கொடுத்த எனக்கே பெருமையாக இருக்கும்.

உனக்கு ஓர் உண்மை சொல்கிறேன். அந்தத் துறைமுகத்தில் நான் நின்றிருந்தால் ஜாடியைக் கொடுத்திருப்பேன். கேட்டு முடிப்பதற்குள் கொடுத்திருப்பேன், மூடியையும் நானே திறந்து கொடுத்து, அந்தக் குழந்தையை மடியில் போட்டுத் தட்டியும் விட்டிருப்பேன். காலமெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. அதனால்தான் எனக்கு அவள் வேண்டும். கொடுக்காமல் ஒருத்தி தாண்டிப் போக முடியும் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை, என் வயிற்றில் பிறந்தவள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நேற்று நிர்வாகி கேட்டபோது என் நாக்கில் சரி என்ற வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் அவரைத் தாண்டிப் படியிறங்கி வந்துவிட்டேன். இன்று காலை ரேடியோ போன் செய்தாள், நிர்வாகி மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸை அனுப்பியிருக்கிறாராம், வார்டு ஒழுங்காக நடக்கிறதாம். அனுப்ப ஆள் இருந்திருக்கிறது, எத்தனையோ வருஷமாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. பிறகு போய்ப் படுத்து மத்தியானம் வரை தூங்கினேன். உன் அப்பா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தம்பியையும் அதட்டி உட்கார வைத்திருக்கிறார்.

நீ அந்த அத்தியாயத்தை எழுதினால் அவள் திரும்பி வருவாள். அவள் திரும்பினால் மறுநாள் காலையிலேயே நான் போய் நிர்வாகியிடம் மன்னிப்புக் கேட்டு நிற்பேன், என்னை எனக்குத் தெரியும். பதிப்பாளரிடம் முடியாது என்று சொல், காரணம் கேட்டால் அம்மா விடவில்லை என்று சொல், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. வரைபடத்தை மட்டும் நல்லபடியாக வரைந்து போடச் சொல். தபாலில் அனுப்பச் சொல்லி உன் தம்பியிடம் கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன், வந்ததும் போட்டுக்கொள், அலமாரியில் மடித்து வைக்காதே. இருமல் மருந்தை நின்ற மாதிரி இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதே. எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், தலை நிமிர்ந்து நில், வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, உன் தூக்கத்தை எவ்வளவு நல்லவர் வந்து கேட்டாலும் கொடுக்காதே.

இப்படிக்கு,
வார விடுமுறையில் வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா