அகராதியில் காட்டேரி

தம்பிக்கு,

எழுத்து கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எழுபது வயதில் எழுதக் கற்ற கைக்குப் பேனா மரக்கட்டையைவிடக் கனக்கிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன், என்ன சுகம் தெரியுமா!

நான் மரம் சுமந்த மரவாடியில் எனக்குக் காட்டேரி என்று பட்டப்பெயர் வைத்தபோது உன்னிடம்தான் அர்த்தம் கேட்டேன். வீட்டில் படித்தவன் நீ ஒருவன்தானே. "காடு, ஏறி. காட்டுல ஏறி மரத்தையெல்லாம் காக்குற சாமிண்ணே" என்று பிரித்துச் சொன்னாய். நாற்பது வருடம் அந்தப் பெயருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். போன வாரம் அகராதியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். காட்டில் திரிந்து இரத்தம் குடிக்கும் பேய். ஊரே அப்படித்தான் சொன்னது; நான்தான் படித்தவன் சொல்லை நம்பியிருந்தேன்.

சிரித்துவிட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது.

உன் அண்ணி கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய் எழுதிய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். முதல் கடிதத்தை, "தேடி வராதீங்கன்னு எழுதியிருக்காங்கண்ணே" என்று வாசித்தாய். அதில், "வந்து கூட்டிக்கிட்டுப் போங்க, வாசலையே பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று இருக்கிறது.

அவள் வந்துவிட்டால் உன்னைப் படிக்க வைக்க மாட்டேன் என்று பயந்தாயா?

அவள் இன்று உயிரோடு இல்லை. நீ இருக்கிறாய்.

நீ வாசித்துக் காட்டிய கடிதங்கள் இன்னும் ஆறு இருக்கின்றன. ஒன்றைப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். அடுத்த வாரம் எழுதுகிறேன்.

படிக்கத் தெரிந்த உன் அண்ணன்