முந்நூற்றிரண்டாம் கணக்கு

மாம்போங்
செவ்வாயன்று தொடங்கி வியாழனன்று முடித்தது

ஹாம்பர்க்கில் இருக்கும் அன்பு மகள் பிராகோவுக்கு,

உன் அப்பா அமோவாதெங் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தேடாதே. என் கைதான். ஒவ்வொரு வரிக்கும் பேனாவை வைத்துவிட்டு விரலை உதறிக்கொள்கிறேன். மில்லில் வேலை செய்யும் டொன்கோர் இதைப் படம் பிடித்து உன் ஃபோனுக்கு அனுப்புவான். ஃபோனில் பேசினால் நான் எல்லாம் சரிதான் என்று முடித்துவிடுவேன்.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். நட்டம் என்று சொல்லி நீ விற்கச் சொன்ன நம் சோள மில்லுக்கு நட்டமே இல்லை! வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்குகிறவன் பணத்தோடு வருகிறான்.

நடந்தது இதுதான். முதியோர் வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் செர்வா டீச்சர் போன வாரம் மில்லுக்கு வந்தார். "என்னப்பா, எல்லாப் பணத்தையும் ஒரே சாக்குல கொட்டிட்டு, சாக்கு ஏன் காலியாச்சுன்னு கேக்குறீங்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு நம்பர் குடுங்க" என்றார். மில்லின் பொருள்கள் நூறில், கடன் இருநூறில், முதலாளியாகிய உன் கணக்கு முந்நூறில், வரவு நானூறில், செலவு ஐந்நூறில். டீசல் ஐந்நூற்றொன்று. பெல்ட்டும் அரைக்கும் தகடும் ஐந்நூற்றிரண்டு. டொன்கோரின் கூலி ஐந்நூற்று மூன்று. "டீசலுக்கும் பெல்ட்டுக்கும் அப்புறந்தானா பெரியவரே நானு?" என்று அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். பேரெல்லாம் நானே எழுதினேன். எட்டாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு ஆணியில் குத்தி வைத்த ரசீதுகளை எடுத்தோம். இத்தனை வருஷம் முத்திரை போட்ட தாள் எதுவானாலும் மில்லுடையது என்று குத்திவிடுவேன். கணக்கு எழுதுகிறவர் அப்படியே கூட்டி உனக்கு அனுப்பிவிடுவார். இப்போது நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். டீசல். டீசல். பெல்ட். அடுத்தது, இழவுக் காணிக்கைப் பணம், இருநூறு சீடி, நன்றியுடன் பெற்றோம். அதற்கடுத்ததும் அதே. இந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாற்பத்தாறு, பிராகோ! சனிக்கிழமை தவறாமல் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு இழவுக்குப் போனேன், அவர்கள் கொடுத்த ரசீதை வாங்கிவந்து டீசல் ரசீதின் மேலேயே குத்தினேன்.

அதற்கு ஐந்நூற்று நான்கு என்று எழுதப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மில்லா இழவுக்குப் போச்சு? மில்லு யாரோடது?" என் மகளுடையது என்றேன். "ரசீது யாரு பேர்ல இருக்கு, படிங்க." படித்தேன். உன் பெயர். "அப்ப இது முந்நூத்தி ரெண்டு. முதலாளி எடுத்த பணம். செலவே இல்ல."

ஆமாம் மகளே, நீ அறியாமலே ஒன்பதாயிரத்து இருநூறு சீடி எடுத்திருக்கிறாய். அதை நீக்கினால் மூவாயிரத்து ஐந்நூறு நட்டம் போய், ஐயாயிரத்து எழுநூறு லாபம் நிற்கிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். டொன்கோர் என்னைத் தூக்கிச் சுற்றினான். மாவு வாங்க வந்த பெண்கள் கைதட்டினார்கள்.

உன்னைக் கேட்காமல் மில் பணத்தை உன் பெயரில் கொடுத்தது தப்புதான். இழவு வீட்டில் காணிக்கை கொடுத்தவர் பெயரை வாசிக்கையில், மைக்கில் "ஹாம்பர்க்கிலிருந்து பிராகோ" என்று சொல்லும்போது கூட்டம் திரும்பி என்னைப் பார்க்கும். நீ போய் ஆறு வருஷமாகிறது. ஊர் உன்னை மறந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இனி உன்னைக் கேட்காமல் அந்தக் கணக்கில் ஒரு சீடியும் ஏறாது. ஒரு சனிக்கிழமை நீயே வந்து உன் கையால் கொடுத்தால் மைக்கே தேவைப்படாது.

உன் கைவேலை செழிக்கட்டும். பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும்.

நாளைப் பத்து மணிக்குள், விற்க வேண்டாம் என்று பதில் போடு. கூப்பிட்டுச் சொல்லாதே, எழுது. நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா,
க்வபெனா அமோவாதெங்